சொட்டை விழுந்த புல்தரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுப் புல்தரையில் ஆங்காங்கே புல் செத்து மண் தெரிவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். வெயில் தணிந்து, அடைமழை இன்னும் தொடங்காத ஆடி, ஆவணி மாதங்கள் புல்லுக்கு ஒட்டுப்போட நல்ல காலம்.

வீடு கட்டி இரண்டு வருடம் ஆகிறது. முன்புறம் 400 சதுர அடியில் மெக்சிகன் புல் போட்டோம். போர்ட்டிகோ படியை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மட்டும் புல் காய்ந்துபோகிறது. நர்சரியிலிருந்து இரண்டு முறை புதுப் பாய் வாங்கி விரித்தாயிற்று. ஒரு மாதம் பச்சையாக இருக்கிறது, பிறகு வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன். எங்கே தவறு?
வாசகி, திருச்சி

ஒரு மாதம் பச்சையாக இருந்து பிறகு காய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. பாயோடு ஒட்டிவந்த ஓரங்குல மண்ணில் இருந்த ஈரத்தையும் சத்தையும் வைத்து அது அந்த ஒரு மாதம் ஓட்டியிருக்கிறது. கீழே வேர் இறங்கவில்லை. மூன்றாவது பாய் வாங்கினாலும் இதே கதைதான். புல்லை விட்டுவிட்டு மண்ணைப் பாருங்கள்.

முதல் நாள் மாலை அந்த இடத்தையும் பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்தையும் ஒரே மாதிரி நனையுங்கள். மறுநாள் காலை ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை இரண்டு இடத்திலும் குத்துங்கள். நல்ல இடத்தில் ஆறு அங்குலம் தடையில்லாமல் இறங்கும். சொட்டையில் இரண்டு மூன்று அங்குலத்திலேயே ‘டக்’கென்று முட்டினால், உள்ளே கட்டடக் கழிவு இருக்கிறது. வாசல் படிக்கு அருகில்தான் கொத்தனார்கள் பெரும்பாலும் கலவை போடுவார்கள். வேலை முடிந்ததும் மிச்சக் கலவை, டைல்ஸ் துண்டு, ஜல்லி எல்லாவற்றையும் அங்கேயே பரப்பி மேலே நாலங்குலம் செம்மண் போட்டு மூடியிருப்பார்கள். தோண்டினால் சாம்பல் நிறத்தில் அப்பளம் போன்ற சிமெண்ட் தட்டு தென்படும். அதன் வழியே வேரும் போகாது, தண்ணீரும் போகாது. சிமெண்ட் மண்ணைக் காரமாக்குவதால் இரும்பு போன்ற நுண்சத்துகள் மண்ணில் இருந்தாலும் புல்லுக்குக் கிடைக்காது.

தோண்டுவதற்கு முன் பாயின் அடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நர்சரிகளில் இந்தப் பாய்களைப் பிளாஸ்டிக் ஷீட் மேல்தான் வளர்ப்பார்கள். அதை உரிக்காமல் அப்படியே விரித்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. ஷீட் இருந்தால் வேர் இறங்க வழியே இல்லை.

கழிவுதான் காரணம் என்றால் செய்ய வேண்டியது இது. சொட்டையைச் சுற்றி, வெள்ளை வேர் தெரியும் நல்ல புல் வரைக்கும் கூர்மையான மண்வெட்டியால் நேர்கோடாக வெட்டிச் சதுரமாக்குங்கள். வட்டமாக விட்டால் பாயை ஒட்டவைப்பது சிரமம். உங்கள் இடம் அநேகமாக 4க்கு 4 அடிச் சதுரமாகும். எட்டங்குல ஆழத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடித்தரையைக் கடப்பாரையால் இன்னும் நாலைந்து அங்குலம் குத்தி இளக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் நிரப்பினால் குழி ஒரு தொட்டியாகிவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

நிரப்ப 300 லிட்டர் மண் வேண்டும். அமுங்குவதையும் சேர்த்து 15 லிட்டர் வாளியில் 23 வாளி வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் 11 வாளி, மணல் 6, நன்றாக மக்கிய தொழு உரம் 6. வேப்பம் புண்ணாக்கு 150 கிராம் கலந்தால் போதும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுவதானால் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். அதிலுள்ள கல்மாவு நனைந்து காய்ந்தால் இறுகிவிடும். தொழு உரம் கையில் எடுத்தால் காட்டு மண் வாசனை வர வேண்டும். சாணி வாசனை அடித்தால் இன்னும் மக்கவில்லை, வேண்டாம்.

பாதிக் கலவையைப் போட்டு, குதிகாலால் மெதுவாக மிதித்து, தண்ணீர் விட்டு அமுக்குங்கள். பிறகு மீதி. மேல்மட்டம் பக்கத்து மண்ணைவிட ஓரங்குலம் தாழ்ந்து இருக்கட்டும், பாயின் கனம் அவ்வளவு இருக்கும். இங்கே அவசரப்படாமல் இரண்டு வாரம் வெறும் மண்ணாகவே ஈரமாக வைத்திருங்கள். மண் படிந்துவிடும். அதைவிட முக்கியம், வெளியிலிருந்து வந்த செம்மண்ணிலோ எருவிலோ கோரைக் கிழங்கு இருந்தால் இந்த இரண்டு வாரத்தில் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிடலாம். புல் மூடிய பிறகு அது முடியாது.

பதினாறு சதுர அடிக்கு 18 சதுர அடி பாய் வாங்குங்கள். வாங்கிய அன்று மாலையே விரித்துவிட வேண்டும். அடுக்கி வைத்த பாய் உள்ளுக்குள் சூடேறி ஒரே நாளில் மஞ்சளாகிவிடும். செங்கல் கட்டுவதைப் போல இணைப்புகள் மாறி மாறி வரும்படி, இடைவெளி இல்லாமல் நெருக்கி வையுங்கள். இணைப்புகளில் சலித்த மணலும் எருவும் கலந்து தூவுங்கள். மேலே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று அழுத்துங்கள். பாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று இருந்தால் அந்த இடம் மட்டும் காயும். கால் அங்குலம் உயர்ந்து நின்றால் கவலை வேண்டாம், படிந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் காலையும் பிற்பகலும் 10 லிட்டர் பூவாளி ஒன்று. பன்னிரண்டாம் நாள் ஒரு மூலையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பிடித்து இழுத்தால் எதிர்த்து இழுக்க வேண்டும். அப்படியென்றால் வேர் இறங்கிவிட்டது, தினம் ஒருமுறை போதும். ஒரு மாதம் கழித்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆனால் ஒவ்வொரு முறையும் 20 லிட்டராக ஆழமாக விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது வேரை மேலேயே தங்கவைக்கும். முதல் உரம் 30 நாள் கழித்து. யூரியா 10 கிராமை ஒரு கை நிறைய உலர்ந்த மணலில் கலந்து தூவி, உடனே தண்ணீர் விட்டுவிட வேண்டும்.

புல் தானாகப் படர்ந்து மூடிக்கொள்ளாதா? கொஞ்சம் பறித்து நட்டால் போதாதா?
வாசகர், ஈரோடு

அது உங்கள் புல்லின் ரகத்தைப் பொறுத்தது. அருகம்புல் வகையான பெர்முடா வேகமாக ஓடும். உள்ளங்கை அகலச் சொட்டை என்றால் ஓரத்தைக் கிளறி, கொஞ்சம் எரு தூவி, தண்ணீர் விட்டால் தானே மூடிவிடும். பெரிய இடமானால் இரண்டு மூன்று கணு உள்ள ஓடுதண்டுகளை நாலு அங்குலத்துக்கு ஒன்றாக, நுனி மட்டும் வெளியே தெரியும்படி நடுங்கள். நல்ல வெயிலில் ஆறு முதல் எட்டு வாரத்தில் மூடும்.

கொரியன், மெக்சிகன் இரண்டும் சொய்சியா இனம். அவற்றுக்குப் பொறுமை தேவை. வேலி ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்திலிருந்து மூன்றங்குலக் கட்டிகளாக மண்ணோடு வெட்டியெடுத்து எட்டங்குல இடைவெளியில் நட்டால், ஒரு சதுர மீட்டருக்கு 25 கட்டி ஆகும். மூட ஐந்தாறு மாதம்கூடப் பிடிக்கும். அதுவரை களை எடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. செலவு கிடையாது, ரகமும் நிறமும் மாறாது. நர்சரிக்குப் போகிறவர்கள் தங்கள் புல்லில் ஒரு பிடி வேரோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஊசி போல மெல்லிய கொரியனுக்கு நடுவே தட்டை இலை மெக்சிகன் ஒரு சதுரம் இருந்தால் அது ஒட்டுப்போட்ட சட்டைதான், காலத்துக்கும் தெரியும்.

ஆகஸ்ட் மாதத்தில் புல் திட்டுத் திட்டாகப் பழுக்கிறது. மைனாவும் காக்கையும் வந்து கொத்திப் புரட்டிப் போடுகின்றன. கையால் இழுத்தால் பாய் மாதிரி உரிந்து வருகிறது.
வாசகர், பல்லடம்

வேர்ப்புழு. கடலை, கரும்பு விவசாயிகளுக்குத் தெரிந்த அதே வெள்ளைப் புழுதான். ஓரடிச் சதுரத்துக்கு மூன்று பக்கம் வெட்டிப் புல்லைப் புத்தகம் மாதிரி புரட்டுங்கள். பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களை எண்ணுங்கள். இரண்டு மூன்று இருந்தால் ஆரோக்கியமான புல் தாங்கும், தண்ணீரை மட்டும் சீராக விட்டால் போதும். ஆறு ஏழுக்கு மேல் போனால் வேரை அறுத்துத் தின்று முடித்துவிடும். கட்டைவிரல் தடிமனில் ஒன்றிரண்டு பெரிய புழு கண்டால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் எருக்குழியிலிருந்து வந்த காண்டாமிருக வண்டின் புழு. மக்கலைத் தின்னும், புல் வேரைத் தொடாது. ஆனால் பக்கத்தில் தென்னை இருந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள், வளர்ந்த வண்டு குருத்தைத் துளைக்கும்.

கோடை மழை பெய்த மறுநாள் சாயங்காலம் வேப்பமரத்தில் பழுப்பு வண்டுகள் மொய்த்து இலையைத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் மண்ணில் இறங்கி முட்டையிடுகின்றன. அந்தச் சில நாட்கள் கிளையை உலுக்கி, கீழே விழும் வண்டுகளைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக் கொன்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மரத்தடியில் எரியும் விளக்கின் கீழே சோப்புத் தண்ணீர் வைத்த தட்டும் உதவும்.

இப்போது இருக்கும் புழுவுக்கு, மெட்டாரைசியம் பூஞ்சாணத் தூளையோ, புழுவைத் தாக்கும் நூற்புழுவையோ வாங்கிப் பாக்கெட்டில் சொன்ன அளவுப்படி மண்ணில் சேருங்கள். இரண்டும் உயிருள்ளவை. வெயில் பட்டால் செத்துவிடும். அதனால் மாலையில், முன்கூட்டியே நனைத்த மண்ணில் விட்டு, அதன்பின் இன்னொரு முறை தண்ணீர் விட்டு உள்ளே இறக்க வேண்டும். காலை பத்து மணிக்குக் காய்ந்த தரையில் தெளித்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் அதிகம். பெரிய புழுவைவிடச் சின்னப் புழு சீக்கிரம் சாகும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகள் உருண்டு விளையாடும் தரையில் ரசாயனக் குருணை மருந்தைத் தூவுவதை நாங்கள் சொல்ல மாட்டோம். உரிந்த இடத்தை, புழு குறைந்தது என்று திரும்பவும் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே மூடுங்கள்.

எங்கள் லாப்ரடார் சிறுநீர் கழித்த இடமெல்லாம் தட்டு அளவுக்கு வட்டமாகக் கருகுகிறது. நாய் மேல் கோபம் வருகிறது.
வாசகி, சென்னை அண்ணா நகர்

கோபம் வேண்டாம், அது செய்வது உரமிடும் வேலைதான், அளவு மட்டும் மிஞ்சிவிட்டது. சிறுநீரில் யூரியாவும் உப்பும் செறிந்திருக்கும். நடுவில் கருகல், சுற்றிலும் மற்ற புல்லைவிடக் கரும்பச்சையாக ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. வளையம்வரை போகும்போது அளவு குறைந்து அது உரமாகிவிடுகிறது. உட்கார்ந்து ஒரே இடத்தில் கழிக்கும் பெண் நாய்களால்தான் இது கூடுதல்.

நாய் எழுந்ததும் அதே இடத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். சில மணி நேரத்துக்குள் ஊற்றினால் புல் தப்பிவிடும். ஏற்கெனவே கருகிய வட்டத்தில் மூன்று நாள் தினமும் பத்து லிட்டர் விட்டு உப்பை இறக்கி, மேல் இரண்டங்குல மண்ணை மாற்றி, மண்ணோடு வெட்டியெடுத்த புல் கட்டிகளை நடுங்கள். ஜிப்சம் தூவச் சொல்வார்கள். இந்தக் கருகலுக்கு அதனால் பயன் இல்லை, தண்ணீர்தான் மருந்து. சுவர் ஓரமாக ஆறுக்கு நாலடியில் கூழாங்கல்லோ மரத்தூளோ போட்டு அங்கே பழக்கிவிடுவது நிரந்தரத் தீர்வு.

வீட்டில் நாய் இல்லாமலே இப்படி வட்டம் வந்தால், யூரியா கட்டியாக விழுந்த இடமா, புல்வெட்டி மெஷினுக்கு அங்கே நின்று பெட்ரோல் ஊற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய் சிந்திய மண்ணைக் கழுவ முடியாது, ஆறங்குலம் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

கடற்கரைச் சாலை ஓரம் வீடு. போர் தண்ணீர் உப்பு. சமையலறை பின்பக்கம் புல் முழுக்கப் போய்விட்டது, மற்ற இடத்தில் நுனி கருகுகிறது. ஜிப்சம் போடலாமா?
வாசகர், கோவளம்

சமையலறை பின்பக்கம் என்றதும் முதலில் கேட்க வேண்டியது: ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாய் எங்கே விழுகிறது? தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அதைப் புல்லில் விடுகிறவர்கள் பலர். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மெஷின் குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பையெல்லாம் அந்தக் கழிவில்தான் தள்ளுகிறது. ஏற்கெனவே உப்பான போர் தண்ணீர் இன்னும் செறிவாகி ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் விழுந்தால் எந்தப் புல்லும் நிற்காது. மண் காயும்போது வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும், விரலால் சுரண்டி எடுக்கலாம். அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கோ, வாசல் கழுவவோ திருப்பிவிடுங்கள்.

மற்ற இடத்துக்கு: தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,000 பி.பி.எம். தாண்டினாலே கவனம் வேண்டும். 2,000 தாண்டினால் கொரியன் புல்லைப் பிடித்துத் தொங்காமல், உப்பு தாங்கும் பெர்முடாவுக்கோ கடலோரப் பாஸ்பாலம் புல்லுக்கோ மாறிவிடலாம். உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மிகக் கெடுதல். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும். நாள் இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் கணக்கில், முடிந்தால் மழைநீர்த் தொட்டித் தண்ணீரால், உப்பை அடியில் கழுவி இறக்குங்கள். கழுவிய தண்ணீர் வடியவும் வழி இருக்க வேண்டும்.

ஜிப்சம் எல்லா உப்புக்கும் மருந்தில்லை. சோடியம் ஏறி, தண்ணீர் விட்டால் சேறாகி, காய்ந்தால் கல்லாகும் களர் மண்ணுக்குத்தான் அது. வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் அரைக் கிலோ மண்ணும் ஒரு லிட்டர் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 8.5-க்கு மேல் என்று வந்தால், அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சத்தை நாலங்குல மண்ணில் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். மேலே தூவிவிட்டால் பலன் கிடையாது.

மாமரத்தடியில் மூன்று தடவை புல் போட்டும் நிற்கவில்லை.
வாசகி, சேலம்

நான்காவது தடவை போடாதீர்கள். பெர்முடாவுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் தேவை. கொரியன், மெக்சிகன் நாலு மணி நேரத்தில் ஒருவாறு சமாளிக்கும். அடர்ந்த மாமரத்தின் கீழ் அதுவும் கிடையாது. மரத்தின் வேர் தண்ணீருக்குப் போட்டி, மேலே இலைச் சருகு மூடல் வேறு. தாழ்ந்த கிளைகளைக் கழித்து ஓரளவு வெயில் வரவழைக்க முடிந்தால் நிழலின் வெளி ஓரத்தில் அகல இலை பஃபலோ புல் வரும், அவ்வளவுதான்.

நடுப்பகுதியை ஒரு வட்டப் பாத்தியாக ஒதுக்கி மோண்டோ கிராஸ், சிங்கோனியம், ரியோ, ஸ்பைடர் பிளான்ட் போன்றவற்றை வேர்களுக்கு இடையே கிடைக்கும் சந்துகளில் நடுங்கள். சருகை அங்கேயே மூடாக்காக விட்டுவிடலாம். புல்லுக்காக மரத்தடியில் அரையடி மண் கொட்டி மேடாக்குகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வேர் மூச்சுத் திணறும், தண்டின் அடிப்பகுதி ஈரத்தில் அழுகும். புல்லுக்கு ஆசைப்பட்டு முப்பது வருட மரத்தை இழக்கக் கூடாது.

ஐப்பசி மழையில் வட்ட வட்டமாகப் பழுத்து, அதிகாலையில் சிலந்திவலை மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது. வெயில் ஏறியதும் காணோம்.
வாசகர், தஞ்சாவூர்

பூஞ்சாண நோய். முதலில் யூரியாவை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் தழைச்சத்து ஏற்றிய இளம் புல்தான் பூஞ்சாணத்துக்கு விருந்து. ஈரமாக இருக்கும்போது அந்த இடத்தில் நடக்கவோ புல் வெட்டவோ வேண்டாம், காலும் பிளேடும் நோயைப் பரப்பும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து மண் நனைய ஊற்றுங்கள். நோய் வட்டத்துக்கு வெளியே ஓரடி வரையும் சேர்த்து ஊற்ற வேண்டும். மழை இல்லாத நாட்களில் தண்ணீர் காலையில்தான். இரவு முழுக்க இலை நனைந்திருக்கக் கூடாது.

அடியில் வடிகால் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. மழைவிட்ட சமயத்தில் ஓரடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். நாலு மணி நேரம் கழித்தும் நின்றால், மருந்தைவிட வாய்க்கால்தான் வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். களிமண்ணை இளக்கலாம் என்று நாலு சட்டி மணலைக் கலக்காதீர்கள். கொஞ்ச மணலும் களியும் சேர்ந்தால் செங்கல் பதத்துக்கு இறுகும். மக்கிய எருதான் களியை உதிரியாக்கும். பழுத்த வட்டத்தை உடனே வெட்டி எறிய வேண்டாம், மெக்சிகன் புல்லில் இலை போனாலும் ஓடுதண்டு பல சமயம் உயிரோடு இருக்கும். தண்டைக் கீறிப் பார்த்து உள்ளே வெள்ளையாக இருந்தால் தை மாதம் வரை பொறுங்கள்.

கொரியன் புல் மெத்தை மாதிரி உப்பிவிட்டது. வெட்டினால் வெட்டிய இடமெல்லாம் பழுப்பாகிவிடுகிறது.
வாசகி, கோவை

இது சாவு இல்லை, மொட்டையடித்த கோலம். கொரியன் புல் மேலே மேலே அடுக்காக வளரும். பச்சை மேல் அரை அங்குலத்தில்தான் இருக்கும், உள்ளே எல்லாம் சருகு. பிளேடு அந்தப் பச்சையை எடுத்துவிட்டால் மிச்சம் பழுப்புதான். எப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். ஆனி, ஆடியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மிகவும் உப்பிய மேடுகளைக் கூரான மண்வெட்டியால் அரையடிக்கு ஒரு கீறலாகச் செங்குத்தாகக் கீறி, இரும்புப் பல் வாரியால் சருகை வாரி எடுத்து, சலித்த செம்மண்ணும் மணலும் எருவும் சேர்ந்த கலவையைச் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் தூவித் துடைப்பத்தால் உள்ளே தள்ளுங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். வெட்டிய நுனி கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடிக்கக் கொடுங்கள்.

டிசம்பரில் எங்கள் புல்தரை திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா?
வாசகர், உதகை

வேண்டாம். நீலகிரியில் பரவலாக இருக்கும் கிக்குயூ புல் உறைபனியில் இலை வெளுக்கும், தரைக்கடியில் தண்டு பிழைத்திருக்கும். பனி படிந்த காலையில் மேலே நடந்தால் மட்டும் கால் பட்ட இடம் கருகும். மார்ச் கடைசி வரை விட்டுவையுங்கள். அப்போதும் துளிர்க்காத இடத்தில் பக்கத்து ஓடுதண்டுகளை எடுத்து நட்டால் சில வாரத்தில் மூடிவிடும். பூப்பாத்திக்குள் ஓடாமல் எல்லை கட்டி வையுங்கள்.

பையன்கள் கேட்டிலிருந்து வாசலுக்குக் குறுக்கே நடந்தே ஒரு ஒற்றையடிப் பாதை போட்டுவிட்டார்கள். எத்தனை தடவை நட்டாலும் மிதித்துவிடுகிறார்கள்.
வாசகி, மதுரை

அந்தப் பாதை அங்கேதான் இருக்க விரும்புகிறது. கடப்பா கல் அல்லது கருங்கல் பலகையை, ஒன்றரை அடிக்கு ஓரடி அளவில், நடுவுக்கு நடு இரண்டடி இடைவெளியில் பதித்துவிடுங்கள். பையன்கள் சிறியவர்கள் என்றால் ஒன்றே முக்கால் அடி. கல்லின் அடியில் இரண்டங்குல மணல் மெத்தை. மேல்பரப்பு மண் மட்டத்தோடு சமமாக இருந்தால் புல்வெட்டியின் பிளேடு இடிக்காது. இடையில் இறுகிய மண்ணைத் தோட்ட முள்கரண்டியால் நாலங்குலத்துக்கு ஒரு குத்தாகக் குத்தி ஆட்டி, துளைகளில் மணலும் எருவும் நிரப்பி, பெர்முடாவை நடுங்கள். ஊஞ்சலுக்குக் கீழே மட்டும் புல் வேண்டாம், ஓரடி ஆழத்துக்கு மணல் கொட்டிவிடுங்கள். விழுந்தாலும் அடி குறையும்.

பெர்முடா விதை வாங்கித் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை மட்டமா?
வாசகர், திண்டுக்கல்

விதையைக் குறை சொல்லுமுன் எவ்வளவு ஆழத்தில் போட்டீர்கள் என்று பாருங்கள். ஒரு கிராமில் நாலாயிரத்துக்கு மேல் விதை இருக்கும், அவ்வளவு சின்னது. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வரச் சக்தி போதாது. மேல் ஓரங்குல மண்ணை வாரியால் உதிர்த்து மட்டமாக்கி, சதுர மீட்டருக்கு 10 கிராம் விதையைப் பத்து மடங்கு உலர் மணலோடு கலந்து, பாதியை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுங்கள். மண்வாரியின் முதுகால் லேசாகத் தடவி, பலகையால் அமுக்கினால் போதும். மேலே மண் போட்டு மூட வேண்டாம்.

அடுத்த வில்லன் எறும்பு. ஒரே இரவில் வரிசை கட்டித் தூக்கிப்போய்விடும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கோடாகப் போட்டு, மேலே நனைத்த பழைய கோணியை விரித்து வையுங்கள். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பூவாளியால் கோணி மேலேயே ஒரு நாளில் மூன்று முறை ஊற்றுங்கள். ஏழாம் நாளிலிருந்து தினமும் கோணியைத் தூக்கிப் பாருங்கள். மூன்று வாரம் வரை முளைப்பு தொடரும். பச்சை நூல் மாதிரி முளை தெரிந்த அன்று மாலையே கோணியை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் முளை கோணிக்குள் நுழைந்துகொள்ளும், எடுக்கும்போது வேரோடு பிய்ந்து வந்துவிடும்.